ஜானகியின் காய்ச்சல்

சண்டை முடிந்தும் வெகுநாள் கழித்துத்தான் அழகேசன் பட்டாளத்திலிருந்து வந்தான். அரியலூர் ஸ்டேஷனில் இறங்கி, மாட்டு வண்டி பிடித்து, தகரப் பெட்டியும் தானுமாக விக்கிரமங்கலத்தில் வந்து நின்றவனை ஊரே சூழ்ந்துகொண்டது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஒருத்தரும் நகர்வதாக இல்லை. கம்பளி, டார்ச் லைட்டு, சவரக் கத்தி, தண்ணீர் புட்டி என்று ஒவ்வொன்றாகக் கைமாறிக்கொண்டிருந்தது. அவனுடைய அண்ணி தனத்தின் கண் மட்டும் விரல் நீளத்துக்கு மினுமினுத்த ஒரு உலோகக் குழாயின் மேல் போய் நின்றது. பேனா என்று நினைத்தாள்.

"அது என்ன தம்பி?"

"தெர்மாமீட்டரு அண்ணி. காய்ச்சல் பாக்குறது. நான் வேல பாத்த ஆஸ்பத்திரி டாக்டரு போறப்ப குடுத்துட்டுப் போனாரு."

அழகேசன் மூடியைத் திருகி உள்ளிருந்த கண்ணாடிக் குச்சியை எடுத்தான். மணிக்கட்டைச் சுண்டி இரண்டு தடவை உதறினான். அண்ணியைக் கக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து வாங்கி, வாசல் வெயிலில் திருப்பித் திருப்பிக் காட்டினான். முதலில் தனத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு கோணத்தில், தலைமயிர் அளவு வெள்ளிக் கோடு ஒன்று பளிச்சென்று எழுந்து, பக்கத்தில் இருந்த சிவப்பு அம்புக்குறியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"இதுக்கு மேல போனா காய்ச்சல். உங்களுக்கு ஒண்ணுமில்ல, நல்லா இருக்கீங்க" என்றான் அழகேசன்.

தனத்துக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. தன் உடம்புக்குள் இருப்பதைத் தன் கண்ணாலேயே பார்ப்பது என்றால் சும்மாவா! சமைந்தது, பிள்ளை பெற்றது, அம்மை போட்டுப் படுத்தது என்று எத்தனையோ பட்ட உடம்பு. ஒரு நாளாவது அது இப்படித் தன் சங்கதியைத் தானே வெளியே சொன்னதில்லை. அன்று மத்தியானம் எல்லாரும் போன பிறகு மறுபடி வைத்துப் பார்த்தாள். அடுப்படியில் வெந்துவிட்டு வந்தும் பார்த்தாள். அம்மா நினைவு வந்து அழுத ஒரு நாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வைத்துப் பார்த்தாள். கோடு அதே அம்பில் நின்றது. அழுகை அதற்குத் தெரியவில்லையே என்று கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அழகேசனுக்குப் பெரம்பலூரில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர் வேலை கிடைத்தது. அங்கே வேறு தெர்மாமீட்டர் இருந்ததால் இதை அண்ணியிடமே விட்டுவிட்டுப் போனான். தனம் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள், எண் தெரியும். உதறுவது, வைப்பது, பச்சைத் தண்ணீரில் கழுவுவது, வெந்நீர் பக்கம் கொண்டுபோகாமல் இருப்பது எல்லாவற்றையும் ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிட்டாள். மாமியார் காலமான பிறகு அந்தப் பெரிய வீட்டை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்தவளுக்கு இது ஒரு பெரிய வித்தையா?

ஊரில் பேச்சு பரவியது. காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடிப்பதற்குள் இரண்டு மூன்று பேர் வந்து நிற்பார்கள். சேரியிலிருந்து வருகிறவர்கள் தெருவோரம் தள்ளி நிற்பார்கள்; அவர்களிடம் குச்சியைக் கீழே வைத்துக் கொடுத்து, திரும்பி வந்ததும் சாம்பல் போட்டுக் கழுவுவாள். அது அந்தக் காலத்து வழக்கம், அவளுக்கு அதில் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை. எதிர் வீட்டு ஆண்டாயிக்கு இந்தக் குச்சியின் மேல் அடங்காத ஆச்சரியம்.

"ஏம்மா தனம், எங்க எருமைக்கு வெச்சுப் பாக்கலாமா?"

"எருமைக்குக் கக்கத்துக்கு எங்கடி போவ?"

"சரி, பேய் புடிச்சிருந்தா காட்டுமா? எங்க வூட்டுக்காரரு பொய் பேசுறாரான்னு காட்டுமா?"

"சூடு மட்டும்தான் காட்டும். அதுக்கு வேற ஒண்ணும் தெரியாது" என்று சிரித்தாள் தனம். அப்போது அவளுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது.

கொளஞ்சியப்பன் மகனுக்கு உடம்புக்கு வந்தபோதுதான் எல்லாம் மாறியது. கைக்குழந்தை. கையும் காலும் சில்லிட்டுக் கிடந்தது. "சூடே இல்லீங்க, பனிக்கு ஒடுங்கிக் கெடக்கு" என்றான் தகப்பன். தனமும் கையைத் தொட்டுப் பார்த்தாள்; குளிர்ச்சியாகத்தான் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணாடியை வைத்தாள். கோடு அம்பைத் தாண்டி விறுவிறுவென்று ஏறிப் போய்விட்டது. "வண்டியக் கட்டு, அரியலூருக்கு ஓட்டு" என்று அவள் போட்ட சத்தத்தில்தான் அந்தக் குழந்தை பிழைத்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஜன்னி கண்டிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். கொளஞ்சியப்பன் திரும்பி வந்து, வாசலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டான்.

அன்றிலிருந்து தனம் யார் நெற்றியிலும் கை வைத்துப் பார்க்கவில்லை. கை ஏமாற்றும், கண்ணாடி ஏமாற்றாது என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது.

அடுத்த வைகாசியில் அழகேசனுக்குக் கல்யாணம். பெண் பாடாலூர். ஜானகி என்று பேர். அவள் அப்பாவுக்குத் திருச்சி ரோட்டின் மேல் காப்பிக் கடை. கரி வாயுவில் ஓடும் பஸ்ஸும் பட்டாள லாரியும் வாசலில் நின்று போகப் பார்த்து வளர்ந்த பெண் என்பதால் வாய் ஓயாது. எந்த டிரைவர் எந்த ஊர்க்காரன், எவன் சர்க்கரை கூடக் கேட்பான், எந்த வண்டி பாடாலூர் மேட்டில் முக்கி முக்கி ஏறும் என்று அவள் நடித்துக் காட்டினால் தனத்துக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். தன் ஒரே மகளை உடையார்பாளையத்தில் கட்டிக்கொடுத்த பிறகு வெறிச்சென்று கிடந்த வீடு மறுபடி கலகலத்தது. "எனக்குக் கூடப் பொறந்த பொறப்பு இல்லாத குறைய நீ தீத்துட்டடி" என்று தனமே ஒரு நாள் சொன்னாள்.

அழகேசன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். பெரம்பலூரில் முதல் பஸ் பிடித்து அரியலூர் வந்து, அங்கே தெரிந்த கடையில் போட்டிருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு விக்கிரமங்கலம் வந்து சேரும்போது வெயில் ஏறியிருக்கும். சாப்பிட்டு, மனைவியோடு நாலு வார்த்தை பேசி, வெயில் தாழ்வதற்குள் கிளம்பினால்தான் கடைசி பஸ் கிடைக்கும்.

ஐப்பசி மழைக்குப் பிறகு ஜானகி கொஞ்சம் சுணங்கினாள்.

"அக்கா, மேலு காயுறாப்புல இருக்கு. கை காலெல்லாம் அசந்து போவுது."

"வா, வெச்சுப் பாப்போம்."

காலை வெயிலில் கோடு அம்புக்கு ஒரு இழை கீழேயே நின்றது. "ஒண்ணுமில்லடி. மழைக்கு அப்படித்தான் இருக்கும். மிளகு ரசம் வெக்கிறேன், குடி" என்றாள் தனம். குடித்தாள். ஒரு வாரம் போனது. மறுபடி அதே பேச்சு. மறுபடி கண்ணாடி, மறுபடி அதே இடம். நடவு நேரம். ஆட்களுக்குக் கூழ் காய்ச்ச வேண்டும், சோறு சுமந்து வயலுக்குப் போக வேண்டும், மாட்டுக் கொட்டிலில் தலைக்கு மேல் வேலை. சாயங்காலமானால் ஜானகி ஒரு மூலையில் முடங்கிக்கொள்வதைத் தனம் கவனித்தாள். நல்ல பெண்தான், ஆனால் கடைக்காரர் வீட்டுப் பெண், வயல் வேலைக்கு உடம்பு வணங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். அப்படி நினைத்ததும் அதற்கு ஏற்ற மாதிரியே எல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது.

ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரம். ஜானகி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கன்னம் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தது.

"அக்கா, இப்ப வெச்சுப் பாருங்களேன். இப்ப நல்லாத் தெரியுது எனக்கு. உள்ள காயுதுக்கா."

"இந்த நேரத்துல எங்கடி பாக்குறது? வெளக்கு வெளிச்சத்துல கோடு தெரியாது. காலைல பாப்போம்."

அது பொய்யில்லை. சிம்னி விளக்கில் அந்தக் கோட்டைப் பிடிக்க முடியாதுதான். ஆனால் வீட்டில் டார்ச் லைட்டு இருந்தது. பேட்டரிக் கட்டை கிடைக்காத காலம் என்று, வயலுக்குத் தண்ணீர் மாற்றப் போவதற்காக அவள் புருஷன் பாலசுந்தரம் அதை மாடத்தில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்க வேண்டும் என்று தனத்துக்குத் தோன்றவில்லை.

காலையில் வைத்துப் பார்த்தாள். அம்பைத் தொடவில்லை. அன்றைக்குப் பார்த்து இரண்டு ஆட்கள் வேலைக்கு வரவில்லை. தனத்துக்கு எரிச்சலாக இருந்தது. வாசலில் ஆண்டாயியும் இன்னும் இரண்டு பேரும் தங்கள் முறைக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காது கேட்கவே தனம் சொன்னாள்: "மனுசங்க பொய் சொல்லலாம்டி ஜானகி. இது சொல்லாது."

ஆண்டாயி களுக்கென்று சிரித்தாள். ஜானகி அண்ணாந்து அக்காளைப் பார்த்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு கூழ்ப்பானையைத் தூக்கப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. சொன்ன வேலையைச் செய்தாள். இருமல் வந்தால் கொல்லைப் பக்கம் போய் இருமிவிட்டு வந்தாள். லாரிக் கதையும் பஸ் கதையும் எப்போது நின்றன என்று தனத்துக்குத் தெரியாது. வேலை ஒழுங்காக நடந்ததில் அவள் திருப்தியாகவே இருந்தாள். கொஞ்சம் அதட்டி வைத்தது நல்லதுக்குத்தான் என்றுகூட எண்ணிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்த அழகேசன், சாப்பாட்டுக்கு உட்காரும்போது கேட்டான்: "என்ன அண்ணி, ஜானகி எளைச்சாப்புல இருக்காளே? காய்ச்சல் கீய்ச்சல் பாத்தீங்களா?"

"பாக்காம என்ன தம்பி? வாரத்துக்கு ரெண்டு தடவ பாத்தேன். ஒண்ணுமில்ல. பாடாலூரு நெனப்பா இருக்கும்."

அழகேசன் தலையாட்டினான். அண்ணி பார்த்துவிட்டாள் என்றால் அப்புறம் என்ன? பரிமாறிக்கொண்டிருந்த ஜானகி இருவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, குழம்புச் சட்டியோடு உள்ளே போனாள்.

தையில் அறுப்பு. ஏரிக்கரையை ஒட்டிய களத்தில் கதிர் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜானகி ஆட்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். பொழுது சாய ஆரம்பித்திருந்தது. குடத்தை இறக்கி வைக்கப் போனவள் அப்படியே குடத்தோடு சாய்ந்துவிட்டாள். தனம் ஓடிப் போய் அவளை மடியில் தூக்கிப் போட்டாள். புடவைக்கு மேலேயே அனல் அடித்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளைக் கையால் தொடுகிறோம் என்பது அப்போதுதான் தனத்துக்கு உறைத்தது. தோள்பட்டை எலும்பு கையில் குத்தியது. ரவிக்கை தொளதொளவென்று கிடந்தது. இதெல்லாம் எப்போது நடந்தது?

களத்தில் இருந்த ஆண்டாயி தனத்தின் வீட்டுக்கு ஓடிக் குச்சியைக் கொண்டுவந்தாள். சாய்ந்த வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. தனம் பிடித்துப் பார்த்தாள். கோடு அம்பைத் தாண்டி எங்கேயோ நின்றது. நம்பாமல் உதறிவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் அங்கேயே போய் நின்றது.

ஜானகி கண் திறந்தாள். உதடு உலர்ந்து வெடித்திருந்தது.

"இருக்காக்கா?"

"இருக்குடி. நெறைய இருக்கு."

"பொய்யில்லல்ல?" என்றாள் ஜானகி. அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பள்ளிக்கூடத்தில் திருட்டுப் பழி சுமந்த பிள்ளை, பொருள் வேறிடத்தில் அகப்பட்டதும் விடுமே ஒரு மூச்சு, அப்படி ஒரு மூச்சு விட்டாள். தனத்தால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. திரும்பி, சிதறிக் கிடந்த நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வண்டி கட்டி அரியலூர் கொண்டுபோனார்கள். ஆள் அனுப்பிச் சொன்னதும் அழகேசனும் பெரம்பலூரிலிருந்து வந்துவிட்டான். டாக்டர் வயசானவர். முதுகில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு கேட்டார்: "காய்ச்சல் எத்தனை நாளா இருக்கும்மா?"

ஜானகி தனத்தைப் பார்த்தாள். "தெரியலீங்க."

"இது புதுசா வந்த காய்ச்சல் இல்ல. மூணு நாலு மாசமாச்சும் இருந்திருக்கணும். காலைல ஒண்ணும் தெரியாது, சாயங்காலம் ஏறும், விடிகாலைல வேர்த்து எறங்கிடும். க்ஷய ரோகத்துக்கு அதுதான் அடையாளம். நீ ஒரு கம்பவுண்டர், உங்க வீட்டுலயே தெர்மாமீட்டர் இருக்குங்கிற. சாயங்காலம் ஒரு தடவகூடப் பாக்கலியா?"

தனம் வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் ஜானகி சொல்லிவிட்டாள்: "நான்தாங்க யாருகிட்டயும் சொல்லல."

திறந்த வாயை மூடிக்கொண்டாள் தனம். அந்த ஒரு நிமிஷத்தில் பேசியிருக்கலாம். 'சொன்னா, நான்தான் கேக்கல' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? புருஷன் பக்கத்தில் நிற்கிறார், கொழுந்தன் நிற்கிறான், டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் டாக்டர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். தனியாகப் படுக்கவை, பாலும் முட்டையும் கொடு, நல்ல காத்து வேணும், தட்டு, தம்ளர்கூடத் தனியா இருக்கட்டும். மருந்து என்று பெரிதாக ஒன்றும் அவர் சொல்லவில்லை. மதராஸில் ஏதோ புது ஊசி வரப்போவதாகக் கேள்வி என்றார்.

ஜானகியின் அப்பா வந்து அவளைப் பாடாலூருக்கு அழைத்துப் போய்விட்டார். கடைக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை போட்டு, ரோடு தெரிகிற மாதிரி கட்டிலைப் போட்டிருந்தார்.

தனம் இரண்டு மூன்று தடவை போய்ப் பார்த்தாள். முட்டையும் நெய்யும் சுமந்துகொண்டு பஸ் மாறிப் போவாள். ஜானகி முகம் மலர்ந்து, "வாங்கக்கா, தள்ளியே உக்காருங்க, உங்களுக்கு ஒட்டிக்கப்போவுது" என்பாள். அவளால் உரக்கப் பேச முடியவில்லை. ஆனால் பேச்சு திரும்பி வந்திருந்தது. எந்த லாரி போனது, எவன் புது வண்டி ஓட்டுகிறான், வெள்ளைக்காரத் துரைகள் மூட்டை முடிச்சோடு காரில் போன வேடிக்கை, எல்லாம் சொல்வாள்.

"ஒடம்பு எப்படி இருக்குடி?" என்று கேட்டால் மட்டும், "நல்லா இருக்கேன்கா. ஒண்ணுமில்ல" என்பாள். சாயங்காலம் ஆக ஆகக் கன்னம் சிவந்து, கண் பளபளத்து, விரல் நடுங்கும்போதும் அதே பதில்தான். கோபமாகச் சொல்லவில்லை. விருந்தாளியிடம் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லக்கூடாது என்று ஒரு மரியாதை இருக்குமே, அந்த மரியாதையோடு சொன்னாள். அவள் ஒரு தடவை திட்டியிருந்தால் தனம் காலைப் பிடித்து அழுதிருப்பாள். அந்த மரியாதைக்கு முன்னால் அழக்கூட வழியில்லாமல் இருந்தது.

ஒவ்வொரு தடவையும், கிளம்புவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போவாள். ஜானகியின் அம்மா பக்கத்தில் இருப்பாள். அல்லது இருமல் வந்துவிடும். அல்லது ரோட்டில் பஸ் ஹாரன் கேட்கும். "போயிட்டு வாங்கக்கா, பஸ்ஸு போயிடப்போவுது" என்று ஜானகியே அனுப்பிவைப்பாள்.

ஆடிக் காற்று எடுத்த நாளில் ஜானகி போய்ச் சேர்ந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகேசன் விக்கிரமங்கலம் வந்தான். யாரும் எதிர்பார்க்கவில்லை. பாலசுந்தரம் வயலுக்குப் போயிருந்தார். அவன் கூடத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்தான். தனம் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள். ஜானகி சொன்னது, சொல்லிக்கொண்டே இருந்தது, விளக்கு வைக்கிற நேரத்தில் கெஞ்சியது, நாலு பேர் முன்னால் தான் சொன்ன வார்த்தை, டாக்டர் முன்னால் தான் வாய் மூடி நின்றது. எதையும் விடவில்லை.

"என்ன வேணும்னாலும் சொல்லுங்க தம்பி. நாலு வார்த்த திட்டிட்டாச்சும் போங்க."

அழகேசன் மோர்ச் செம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அவ சொல்லாம இருந்திருக்க மாட்டான்னு எனக்குத் தெரியும் அண்ணி" என்றான். "நான் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வந்தேன். அவ பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். எளைச்சிருக்கான்னு பாத்தேன். ஆனா உனக்கு எப்படி இருக்குன்னு அவளக் கேக்கலியே. உங்களத்தானே கேட்டேன்."

தனம் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவன் மோரை எடுத்துக் குடித்தான். செம்பைக் கீழே வைத்துவிட்டு, அண்ணன் வந்ததும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லி, சைக்கிளை நிழலுக்கு நகர்த்தினான்.

வாசலில் யாரோ ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். பக்கத்து ஊர்க்காரி. காய்ச்சல் பார்க்கிற அம்மா வீடு இதுதானா என்று அவனைக் கேட்டாள். அழகேசன், ஆமாம், உள்ளே இருக்கிறார்கள் என்று கையைக் காட்டினான். தனம் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.